உங்கள் ப்ராஜெக்டைப் பார்த்து ஏஐ அசிஸ்டன்டுக்கு எதை இணைக்கலாம் என்று சொல்லும் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன விஷயம்? ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள்.

கிளாட் கோட், கர்சர், கோபைலட், கோடெக்ஸ் மாதிரியான ஏஐ கோடிங் அசிஸ்டன்ட்கள் வந்தபடியே உங்கள் கோப்புகளைப் படிக்கும், திருத்தும், டெர்மினலில் கட்டளை ஓட்டும். ஆனால் டேட்டாபேஸில் என்ன டேபிள் இருக்கிறது, கிட்ஹப்பில் யார் என்ன இஷ்யூ போட்டிருக்கிறார்கள், பிரவுசரில் அந்தப் பட்டனை அழுத்தினால் நிஜமாகவே என்ன ஆகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரிய வேண்டுமானால் நாம்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். இணைப்புகளோ ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்து தேடினால் ஒரு நாள் போய்விடும்.

அந்த இடத்தில்தான் பரிந்துரைக் கருவி வருகிறது. உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கே பிளேரைட் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) டெஸ்ட் இருக்கிறது, ஆகவே பிரவுசர் இணைப்பு உதவும்" என்கிற மாதிரி ஒரு பட்டியல் தரும். யோசனை புதிதில்லை. விஎஸ் கோடில் ஒரு ரெப்போவை (ப்ராஜெக்டின் கோட் கிடங்கை) திறந்ததும் "இந்த எக்ஸ்டென்ஷன்கள் பரிந்துரைக்கப்படுகின்றன" என்று கீழே ஓரத்தில் வருமே, அதன் அடுத்த படி இது.

இன்டக்ரேஷன் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உள்ளே என்னென்ன அடங்கும்?

முதலில் எம்சிபி சர்வர். மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பதன் சுருக்கம் அது, ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை. 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் ஏற்றுக்கொண்ட பிறகு கிட்டத்தட்ட எல்லா அசிஸ்டன்டும் இதைப் பேசுகின்றன. ஒருவர் ஒரு முறை சர்வர் எழுதிவிட்டால் போதும், எந்த அசிஸ்டன்டிலிருந்தும் அதைக் கூப்பிடலாம்.

அடுத்து ஹூக். அசிஸ்டன்ட் ஒரு வேலையைச் செய்வதற்கு முன்போ பின்போ உங்கள் ஸ்கிரிப்ட் கட்டாயம் ஓடும்படி வைப்பது. கிளாட் கோடில் முன்னால் ஓடும் ஹூக் 2 என்ற எக்ஸிட் கோடுடன் முடிந்தால் அந்த வேலையே தடுக்கப்படும், மாடல் என்ன நினைத்தாலும் சரி. ஸ்கில் என்பது ஒரு ஃபோல்டர், உள்ளே ஒரு வேலையை எப்படிச் செய்வது என்ற குறிப்பு இருக்கும், மாடல் தேவைப்படும்போது அதை எடுத்துப் படித்துக்கொள்ளும். சப்ஏஜென்ட் என்பது தனக்கென்று தனி கான்டெக்ஸ்ட் (மாடல் ஒரே நேரத்தில் கண்முன் வைத்திருக்கும் உரை) வைத்துக்கொண்டு ஒரே வேலையைப் பார்க்கிற உதவியாள். பிளகின் இவற்றையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது.

இவற்றில் எது எதற்கு என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். நான் பார்க்கிற கணக்கு இது: ஒரு விஷயம் ஒரு தடவைகூடத் தவறக் கூடாது என்றால் ஹூக்கில் வையுங்கள். அவ்வப்போது தெரிந்தால் போதும் என்றால் ஸ்கில்லில் வையுங்கள். வெளியே இருக்கும் ஒரு சிஸ்டத்தோடு பேச வேண்டும், அதற்கு டெர்மினலில் நல்ல கட்டளையும் இல்லை என்றால் மட்டும் எம்சிபி.

கருவி எதைப் பார்த்து முடிவு செய்கிறது?

பெரும்பாலும் கோடை வரிவரியாகப் படிப்பதில்லை, படிக்கத் தேவையும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அது மாதிரி. ப்ராஜெக்டின் வேர் ஃபோல்டரில் பேக்கேஜ் ஜேசான் இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட், பைப்ராஜெக்ட் டாமல் இருந்தால் பைத்தான், கார்கோ டாமல் என்றால் ரஸ்ட், கோ மாட் என்றால் கோ, பாம் எக்ஸ்எம்எல் என்றால் ஜாவா. அவற்றுக்குள் சார்புகளின் (ப்ராஜெக்ட் நம்பியிருக்கும் லைப்ரரிகளின்) பட்டியல் இருக்கும்: ஜாங்கோவா ஃபாஸ்ட்ஏபிஐயா, ரியாக்டா வியூவா, ஸ்ட்ரைப் இருக்கிறதா, சென்ட்ரி இருக்கிறதா.

அப்புறம் கட்டமைப்புக் கோப்புகள். டாக்கர் கம்போஸ் கோப்பு என்னென்ன சேவைகள் ஓடுகின்றன என்று சொல்லும். கிட்ஹப் வொர்க்ஃப்ளோ ஃபோல்டர் எந்த டெஸ்ட், எந்த லின்ட் (கோடில் பிழைகளையும் நடைக் குறைகளையும் பிடிக்கும் சோதனை) கட்டாயம் என்று சொல்லும். பிரிஸ்மா ஸ்கீமா, டெர்ராஃபார்ம் கோப்பு, பிளேரைட் கான்ஃபிக் எல்லாம் ஒவ்வொரு கதை சொல்லும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அதிகம் பேசுவது டாட் என்வ் எக்ஸாம்பிள் கோப்புதான். ப்ராஜெக்டுக்குத் தேவையான சாவிகள், செட்டிங்குகளின் பெயர்கள் மட்டும் இருக்கும், ரகசிய மதிப்பு எதுவும் இருக்காது. ஆனால் இந்த ப்ராஜெக்ட் வெளியே எந்தெந்தச் சேவைகளோடு உறவு வைத்திருக்கிறது என்பது பத்து இருபது வரிகளில் அங்கே தெரிந்துவிடும். உங்கள் ரெப்போவில் அது இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று எழுதி வையுங்கள், புதிதாகச் சேரும் மனிதருக்கும் உதவும்.

கிட் வரலாற்றையும் பார்க்கும் கருவிகள் உண்டு. கடந்த சில மாதங்களில் எந்த ஃபோல்டர் அதிகம் மாறியது, எந்த வகைக் கமிட் திரும்பத் திரும்ப வருகிறது என்பதிலிருந்து "இந்த வேலையை ஒரு ஸ்கில்லாக எழுதி வைக்கலாம்" என்று சொல்ல முடியும்.

ஒரு உதாரணத்தோடு காட்ட முடியுமா?

ஒரு சாதாரண ப்ராஜெக்டை எடுத்துக்கொள்வோம். பின்னால் ஜாங்கோ, முன்னால் ரியாக்ட், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். பைப்ராஜெக்ட் டாமலில் ரஃப் என்ற லின்ட் கருவிக்கு ஒரு பகுதி இருக்கிறது. முன்பக்க ஃபோல்டரில் பிளேரைட் கான்ஃபிக். கிட்ஹப் வொர்க்ஃப்ளோ ஒன்று.

ஒழுங்கான கருவி இதைப் பார்த்துச் சொல்லக்கூடியவை இவை. பைத்தான் கோப்பை அசிஸ்டன்ட் திருத்தியதும் அந்தக் கோப்பின் மேல் மட்டும் ரஃப் ஓடும்படி ஒரு ஹூக், காரணம் பைப்ராஜெக்ட் டாமலில் உள்ள அந்தப் பகுதி. ரகசியங்கள் இருக்கும் டாட் என்வ் கோப்பையும் ஏற்கெனவே ஓடி முடிந்த மைக்ரேஷன்களையும் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கோப்புகளையும்) திருத்த முயன்றால் தடுக்கும் இன்னொரு ஹூக். பிளேரைட் எம்சிபி, காரணம் அந்தக் கான்ஃபிக் கோப்பு. ஜாங்கோவின் சரியான பதிப்புக்கான ஆவணத்தை எடுத்துத் தர கான்டெக்ஸ்ட்7 என்ற எம்சிபி சர்வர். மைக்ரேஷன்களை மட்டும் சரிபார்க்க ஒரு சப்ஏஜென்ட், ஏனென்றால் மைக்ரேஷன் ஃபோல்டரில் எண்பது கோப்புகள் இருக்கின்றன.

இப்போது நான் இதில் எதை எடுப்பேன்? இரண்டு ஹூக்கும் உடனே. பிளேரைட், முன்பக்கத்தில் நிஜமாகவே வேலை நடக்கிறது என்றால். கான்டெக்ஸ்ட்7 பிறகு பார்க்கலாம், ஜாங்கோ நன்றாகப் பழகிய, மாடல்களுக்கும் நன்றாகத் தெரிந்த ஃபிரேம்வொர்க். அடிக்கடி ஏபிஐ மாறுகிற புதிய லைப்ரரி ஏதாவது இருந்தால்தான் அதன் பலன் தெரியும். கிட்ஹப் எம்சிபியைச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்பேன், ஏனென்றால் கிட்ஹப்பின் டெர்மினல் கட்டளையே கணினியில் இருக்கிறது, அசிஸ்டன்டுக்கு அதை ஓட்டத் தெரியும்.

இந்த முடிவை ஏஐ மாடலே எடுக்கிறதா, இல்லை எழுதி வைத்த விதிகளா?

இரண்டு வகையும் இருக்கின்றன. விதிகள் என்றால், "இந்தக் கோப்பு இருந்தால் இந்த இணைப்பு" என்று ஒரு பட்டியல். வேகமானது, ஒரே ப்ராஜெக்டுக்கு இன்றும் நாளையும் ஒரே பதில் தரும், ஆனால் பட்டியலில் இல்லாதது அதன் கண்ணில் படாது. மாடலிடம் விட்டால் நுணுக்கமாகப் பார்க்கும், ரீட்மீயில் எழுதியிருப்பதையும் கணக்கில் எடுக்கும், ஆனால் இல்லாத ஒரு பேக்கேஜின் பெயரை நம்பிக்கையோடு சொல்லிவிடவும் கூடும். அந்தப் பெயரில் யாராவது தீய நோக்கத்தோடு ஒரு பேக்கேஜைப் பதிவு செய்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு ஸ்லாப்ஸ்க்வாட்டிங் என்றே ஒரு பெயர் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இன்னொரு சிக்கல், மாடலின் அறிவு பழையதாக இருக்கும். போஸ்ட்கிரெஸுக்கு ஆந்த்ரோபிக் மாதிரிக்காக வெளியிட்ட ஒரு எம்சிபி சர்வர் இருந்தது. படிக்க மட்டும்தான் அனுமதி என்ற வாக்குறுதியோடு வந்தது. ஆனால் அனுப்பும் கட்டளையின் தொடக்கத்தில் கமிட் என்று போட்டு அந்த ட்ரான்ஸாக்‌ஷனை முடித்துவிட்டால், பின்னால் வருவது எழுதும் கட்டளையாக இருந்தாலும் ஓடும் என்று டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு காட்டியது. 2025இல் அந்தச் சர்வர் ஆவணக் கிடங்குக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் அதை எப்படி நிறுவுவது என்று விளக்கும் பழைய பதிவுகள் இணையமெங்கும் கிடக்கின்றன, மாடல் அவற்றைப் படித்துத்தான் வளர்ந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்று கண்டதும் அதையே கை நீட்டிக் காட்டினால் ஆச்சரியமில்லை.

ஆகவே எனக்குப் பிடித்த அமைப்பு இரண்டும் கலந்தது: சரிபார்த்து வைத்த ஒரு பட்டியல் இருக்க வேண்டும், மாடல் அந்தப் பட்டியலுக்குள்ளிருந்துதான் பொறுக்க வேண்டும், பொறுக்கியதற்கு ஆதாரமாக ப்ராஜெக்டிலிருந்து ஒரு கோப்பையும் வரியையும் காட்ட வேண்டும். ஆதாரம் காட்டாத பரிந்துரையை நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஆதாரம் காட்டினால் மட்டும் சரியாகிவிடுமா? தப்பாகப் போகும் இடங்கள் எவை?

ஆதாரமே செத்துப்போனதாக இருக்கலாம். எங்கள் ப்ராஜெக்ட் ஒன்றில் கருவி ரெடிஸ் (நினைவகத்தில் தரவை வைக்கும் டேட்டாபேஸ்) இணைப்பைப் பரிந்துரைத்தது. நாங்கள் ரெடிஸை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கிருந்து பிடித்தது என்று பார்த்தால், அறிக்கையிலேயே டாக்கர் கம்போஸ் கோப்பின் வரி எண் இருந்தது, போய்ப் பார்த்தால் யாரும் நீக்காமல் விட்ட ஒரு சேவை அங்கே உட்கார்ந்திருந்தது, ஒவ்வொருவர் கணினியிலும் தினமும் காலையில் வெட்டியாக எழுந்து ஓடிக்கொண்டும் இருந்தது. பரிந்துரை தவறு, ஆனால் வரி எண் இருந்ததால் அரை நிமிடத்தில் காரணம் தெரிந்தது, அந்தச் சேவையையும் தூக்கிவிட்டோம். வெறுமனே "ரெடிஸ் சர்வர் பயனுள்ளதாக இருக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி நிறுவியிருக்கவும் கூடும்.

மோனோரெப்போ என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரே ரெப்போவில் ஆறு அப்ளிகேஷன் இருக்கும், கருவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி ஆறுக்கும் சேர்த்து ஒரு நீளப் பட்டியல் தரும். நீங்கள் தினமும் தொடுவது ஒன்றைத்தான். அப்படிப்பட்ட இடத்தில் வேர் ஃபோல்டரில் ஓட்டாமல் உங்கள் அப்ளிகேஷனின் ஃபோல்டருக்குள் போய் ஓட்டுங்கள். எக்ஸாம்பிள் ஃபோல்டர்களும் இப்படித்தான் ஏமாற்றும். லாக் கோப்பைப் படித்து, நீங்கள் நேரடியாகத் தொடாத ஒரு சார்பின் சார்பைப் பிடித்துக்கொண்டு பரிந்துரைக்கிற கருவிகளும் உண்டு.

சொல்வதையெல்லாம் இணைத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? இலவசம்தானே?

காசு இலவசமாக இருக்கலாம், இடம் இலவசமில்லை. ஒவ்வொரு எம்சிபி சர்வரும் தன்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன உள்ளீடு என்று ஒரு விளக்கத்தை மாடலின் கான்டெக்ஸ்டில் கொண்டுவந்து இறக்கும். 2025 நவம்பரில் ஆந்த்ரோபிக்கே ஒரு கணக்கு வெளியிட்டது: கிட்ஹப், ஸ்லாக், சென்ட்ரி, கிராஃபானா, ஸ்ப்ளங்க் என்று ஐந்து சர்வர் இணைத்தால் 58 கருவிகள், நீங்கள் ஒரு வார்த்தை தட்டுவதற்கு முன்பே சுமார் 55,000 டோக்கன் (மாடல் உரையை அளக்கும் சிறு துண்டு) காலி. அதில் கிட்ஹப் மட்டும் 26,000 வாக்கில். 2 லட்சம் டோக்கன் இடம் உள்ள மாடலில் கால் பங்குக்கு மேல் இதிலேயே போய்விடுகிறது. தேவைப்படும்போது மட்டும் கருவி விளக்கத்தைத் தேடி எடுக்கும் வசதியை அவர்கள் கொண்டுவந்ததும் இதற்காகத்தான்.

இடம் மட்டும் பிரச்சினை இல்லை. ஒரே மாதிரி பெயருள்ள கருவிகள் அதிகமாகும்போது மாடல் தவறானதை எடுக்கத் தொடங்கும். விஎஸ் கோடில் ஒரு கோரிக்கைக்கு 128 கருவி என்று வரம்பே வைத்திருக்கிறார்கள்.

நான் பார்த்தவரை ஒரு ப்ராஜெக்டுக்கு இரண்டு மூன்று எம்சிபி சர்வர் போதும். ஒவ்வொரு வகையிலும் ஒன்று இரண்டு மட்டும் சொல்கிற கருவிதான் என் நம்பிக்கைக்குரியது. முப்பது பரிந்துரை தருகிற கருவி, பொறுக்கும் வேலையை உங்கள் தலையிலேயே திரும்பக் கட்டுகிறது.

பாதுகாப்பு எப்படி? பரிந்துரைத்தால் நம்பலாமா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிஜமாகவே நடந்த சம்பவங்கள் இருக்கின்றன.

2025 செப்டம்பரில் வெளிவந்தது போஸ்ட்மார்க் எம்சிபி என்ற பெயரில் என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கில்) இருந்த ஒரு பேக்கேஜின் கதை. போஸ்ட்மார்க் மின்னஞ்சல் சேவைக்கான இணைப்பு என்று சொல்லிக்கொண்டது, அந்த நிறுவனம் வெளியிட்டதில்லை. முதல் 15 பதிப்புகள் ஒழுங்காக வேலை செய்தன. 1.0.16 பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்ந்தது: போகிற ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு மறைமுக நகல், பேக்கேஜ் எழுதியவரின் முகவரிக்கு. கோய் செக்யூரிட்டி என்ற நிறுவனம் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அது ஓடியது. நன்றாகக் கவனியுங்கள், 15ஆவது பதிப்பைப் பார்த்து "இது நல்ல பேக்கேஜ்" என்று ஒரு கருவி பரிந்துரைத்திருந்தால் அந்த நேரத்தில் அது பொய்யில்லை. அதனால்தான் பதிப்பு எண்ணைக் கட்டிப்போட்டு நிறுவ வேண்டும், எப்போதும் புதியதை எடு என்று விடக் கூடாது.

இன்னொன்று 2025 மே மாதம், இன்வேரியன்ட் லேப்ஸ் காட்டியது. கிட்ஹப்பின் அதிகாரப்பூர்வ எம்சிபி சர்வர், அதில் கெட்ட கோட் எதுவும் இல்லை. ஒரு பொது ரெப்போவில் யாரோ ஒரு இஷ்யூ போடுகிறார், அதற்குள் ஏஜென்டுக்கான, அதாவது உங்கள் அசிஸ்டன்டுக்கான, கட்டளையை எழுதி வைக்கிறார். நீங்கள் "இஷ்யூக்களைப் பார்" என்று சொன்னதும் ஏஜென்ட் அதைப் படித்து, உங்கள் தனியார் ரெப்போவில் உள்ள தகவலை எடுத்து, பொது ரெப்போவில் புல் ரிக்வெஸ்டாக (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையாக) போட்டுவிடுகிறது.

சைமன் வில்லிசன் என்ற மென்பொருளாளர் இந்த ஆபத்தை மூன்று அம்சங்களாகப் பிரித்துச் சொன்னார்: தனிப்பட்ட தரவைப் படிக்க முடிவது, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய உள்ளடக்கம் உள்ளே வருவது, வெளியே தகவல் அனுப்ப வழி இருப்பது. மூன்றும் ஒரே ஏஜென்டிடம் சேர்ந்தால் ஆபத்து. பரிந்துரைக் கருவிகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்: ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்து நல்லது என்று சொல்கின்றன. டேட்டாபேஸ் இணைப்பு நல்லது, இஷ்யூ படிக்கும் இணைப்பு நல்லது, ஸ்லாக்கில் செய்தி அனுப்பும் இணைப்பும் நல்லதுதான். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் வாசல், அறை, பின்கதவு மூன்றையும் திறந்து வைத்த வீடு. பட்டியலை வாங்கியதும் இந்த மூன்று கேள்விகளையும் முழுப் பட்டியலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கணக்கைக் கருவி செய்து தராது, நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

கருவியே நிறுவியும் தந்துவிட்டால் வசதிதானே?

வேண்டாம். பரிந்துரைப்பது ஒரு வேலை, நிறுவுவது வேறு வேலை, நடுவில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். ஆந்த்ரோபிக் கிளாட் கோடுக்கு வெளியிட்ட கிளாட் கோட் செட்டப் பிளகினும் அப்படித்தான், ப்ராஜெக்டைப் படித்து ஆலோசனை சொல்லும், எந்தக் கோப்பையும் தானாக மாற்றாது.

காரணம் இருக்கிறது. நீங்கள் இணையத்திலிருந்து ஒரு ரெப்போவை குளோன் செய்கிறீர்கள், அதன் ரீட்மீயில் "இந்த ப்ராஜெக்டுக்கு இந்தச் சர்வர் கட்டாயம் தேவை" என்று ஒரு வரி இருக்கிறது. மாடலை வைத்து இயங்கும் கருவி அதையும்தானே படிக்கும்? அப்படியென்றால் பரிந்துரையை எழுதியவர் உண்மையில் அந்த ரீட்மீயை எழுதியவர். தானாக நிறுவும் வசதியும் இருந்தால், முன்பின் தெரியாதவரின் ப்ரோக்ராம் உங்கள் கணினியில் ஓட ஒரு குளோனே போதும். ரெப்போவுக்குள் எம்சிபி பட்டியல் கோப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தும் முன் கிளாட் கோட் உங்களிடம் அனுமதி கேட்பது இதனால்தான். அந்தக் கேள்வி வரும்போது ஆம் என்று அவசரத்தில் அழுத்தாமல் ஒரு முறை படியுங்கள்.

குழுவாக வேலை செய்கிறோம். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டுமா?

இல்லை. கிளாட் கோடில் ப்ராஜெக்டின் எம்சிபி பட்டியலும் செட்டிங்ஸ் கோப்பும் ரெப்போவுக்குள்ளேயே இருக்கலாம், கர்சருக்கும் விஎஸ் கோடுக்கும் அதேபோல அவற்றின் ஃபோல்டர்கள் உண்டு. கமிட் செய்துவிட்டால் எல்லோருக்கும் போய்ச் சேரும். அணுகல் டோக்கன் (சேவைக்குள் நுழையும் ரகசியச் சாவி), பாஸ்வேர்ட் எதையும் அதற்குள் எழுதாதீர்கள், என்விரான்மென்ட் வேரியபிள் பெயரை மட்டும் எழுதுங்கள், மதிப்பு அவரவர் கணினியில் இருக்கட்டும். புதிய இணைப்பு சேர்ப்பதை ஒரு புல் ரிக்வெஸ்டாகவே வையுங்கள், ஏன் சேர்க்கிறோம் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதை நீக்கலாமா என்று யோசிக்கிறவருக்கு அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும்.

அசிஸ்டன்ட் படிப்பதற்காக எழுதி வைக்கும் ப்ராஜெக்ட் குறிப்புக் கோப்பைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், மாடல்கள் புரிந்துகொள்கின்றன. டோக்கன் கணக்கு மட்டும் கொஞ்சம் கூடும். 2024 மே மாதம் ஜிபிடி 4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ ஒரு ஒப்பீடு காட்டியது: ஒரே சிறு பத்தி தமிழில் முன்பு 116 டோக்கன் எடுத்தது, புதிய டோக்கனைசரில் 35. ஆங்கிலத்தில் அதுவே 24. முன்பு இருந்த நிலைக்கு இது பெரிய முன்னேற்றம். குறிப்புக் கோப்பு ஒவ்வொரு உரையாடலிலும் உள்ளே வரும் என்பதால் எந்த மொழியானாலும் சுருக்கமாக எழுதுங்கள். குழுவில் எல்லோரும் தமிழில் யோசிக்கிறவர்கள் என்றால், அரைகுறை ஆங்கிலத்தில் மங்கலாக எழுதுவதைவிடத் தமிழில் தெளிவாக எழுதுவதே மேல் என்பது என் கருத்து.

கருவி சொல்லாமல் விடுவது எது?

உங்கள் ப்ராஜெக்டுக்கு மட்டுமே உரிய விஷயங்கள். என் அனுபவத்தில் அதிகப் பலன் கிடைத்ததும் அங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊர்ப் பெயர்களை வைத்துத் தேடும் ஒரு தளத்தில் வேலை பார்த்தேன். கொடுமுடி என்று தேடினால் பாதிப் பதிவுகள் வரவில்லை. திரையில் பார்த்தால் எழுத்து ஒன்றுதான், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. பைத்தானில் நீளத்தைக் கேட்டால் ஒன்றுக்கு 8, இன்னொன்றுக்கு 9. என்னவென்றால், கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி வந்த தரவில் இரண்டாவது வகை இருந்தது. என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஒரு வரி கோட்தான்.

அந்த ஒரு வரியை அசிஸ்டன்ட் ஒவ்வொரு முறை புதிய இறக்குமதி ஸ்கிரிப்ட் எழுதும்போதும் விட்டுவிட்டது. குறிப்புக் கோப்பில் எழுதினேன், சில நேரம் செய்தது, சில நேரம் விட்டது. பரிந்துரைக் கருவியை ஓட்டினால் அது ஜாங்கோவைப் பார்த்தது, போஸ்ட்கிரெஸைப் பார்த்தது, மொழிபெயர்ப்பு ஃபோல்டரில் தமிழ்க் கோப்பு இருப்பதையும் பார்த்தது, இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பும் இல்லை, அதன் பட்டியலில் இப்படி ஒரு விஷயம் கிடையாது.

கடைசியில் ஒரு ஹூக் எழுதினேன். இறக்குமதி ஃபோல்டரில் எந்தக் கோப்பு மாறினாலும் ஒரு சிறிய டெஸ்ட் ஓடும், அதில் கொடுமுடி இரண்டு விதமாகவும் இருக்கும், இரண்டும் ஒரே பதிவாகச் சேரவில்லை என்றால் பிழைச் செய்தி நேராக அசிஸ்டன்டிடம் போகும், அதுவே திருத்திவிடும். பதினைந்து வரி ஸ்கிரிப்ட். அதன் பிறகு அந்தப் பிழை வரவில்லை.

ஆகவே கருவியின் பட்டியலை வாங்கிய பிறகு, கடந்த இரண்டு மாதத்தில் நீங்கள் அசிஸ்டன்டிடம் மூன்று முறைக்கு மேல் திருத்தச் சொன்ன விஷயம் எது என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கான முதல் ஹூக் அதுதான்.

நான் மாணவர், சின்ன ப்ராஜெக்ட்தான். எனக்கு இது தேவையா?

இப்போதைக்கு வேண்டாம். ஒரு குறிப்புக் கோப்பும், சேமித்ததும் லின்ட் ஓடும் ஒரு ஹூக்கும் போதும். எம்சிபி எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், பத்துச் சர்வரை நிறுவுவதைவிட நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள். பைத்தானில் ஐம்பது வரிக்குள் முடியும், ஒரு வார இறுதி வேலை.

ஒரு முறை ஓட்டினால் போதுமா, திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டுமா?

ப்ராஜெக்டில் பெரிதாக ஏதாவது மாறும்போது ஓட்டுங்கள்: புதிய டேட்டாபேஸ், புதிய ஃபிரேம்வொர்க், டெஸ்ட் முறையில் மாற்றம், இப்படி. மாதாமாதம் தேவையில்லை. ஆனால் நீக்குவதற்காக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள் என்று சொல்வேன், அதை யாரும் செய்வதில்லை. ஏற்கெனவே இணைத்திருப்பவற்றின் பட்டியலைக் கருவியிடம் கொடுத்து, "இதில் எதற்கெல்லாம் இன்றைய கோடில் ஆதாரம் இல்லை?" என்று கேளுங்கள். நான் சென்ற முறை கேட்டபோது நான்கில் இரண்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டேன், ஒரு வாரம் பார்த்தேன், குழுவில் ஒருவர்கூட எங்கே போனது என்று கேட்கவில்லை. அந்த இரண்டுக்காகக் கொடுத்திருந்த அணுகல் டோக்கன்களையும் அன்றைக்கே ரத்து செய்தேன். நீங்களும் மறக்காமல் அதைச் செய்யுங்கள், இணைப்பை எடுத்த பிறகும் அந்தச் சாவி வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.